மாட்டேறும் மீளாச் சுழலும்

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலைக் கற்கப் புகும் மாணாக்கன் ஆங்கு ஆசிரியரது சொற்சிக்கனத்தைக் கண்டு வியப்பான். அகரவீற்றுப் பெயரின் முன் க, ச, த, ப முதலாகிய சொற்கள் வரின் அவ்வல்லெழுத்து இடையே மிகும் என்பதனை ஆசிரியர் முதற்கண் விரித்துக் கூறுகின்றார். ஆகாரவீற்றுக்கு வருங்கால் அதனையே மீட்டுங் கூறாது, ஆகாரமும் அகரத்தின் இயல்பிற்று என்று சுட்டி அமைகின்றார். ஊகாரவீற்றுக்கு ஆகாரத்தைச் சுட்டுகின்றார். ஏகாரவீற்றுக்கு ஊகாரத்தைச் சுட்டுகின்றார். ஓகாரவீற்றுக்கு ஏகாரத்தைச் சுட்டுகின்றார். ஆகவே, மதகு அடைக்கும் பலகையை உணர்த்தும் ஓ என்னுஞ் சொல், கடிது என்பதனோடு புணருங்கால் 'ஓக் கடிது' என ஆதற்கு விதி யாதென வினவுவான், ஓகாரத்தினின்று ஏகாரத்துக்கும், ஏகாரத்தினின்று ஊகாரத்துக்கும், ஆண்டுநின்று ஆகாரத்துக்கும் சென்று, ஈற்றில் அகரத்தின்கண்ணே விடை பெறுதல் வேண்டும். நான்கு படி இறங்கியன்றி அவ்விதி கிட்டாது.

இங்ஙனம் ஒன்றன் முடிபை மற்றொன்றன்மேல் ஏற்றிச் செல்லுதலை உரையாசிரியர் மாட்டேறு என்பர். நன்னூலார் எண்ணிய முப்பத்திரண்டு உத்திகளுள்ளும் மாட்டெறிந்தொழுகல் என ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்தார் இவற்றைப் பழகியவர். ஆறுமுக நாவலரின் நன்னூற் காண்டிகையுரை இங்குள்ள திண்ணைகளிலும் பாடசாலைகளிலும் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. புன்னாலைக்கட்டுவன் மகாவித்துவான் கணேசையர் (1878–1958) எழுதிய விளக்கக் குறிப்புக்களோடு எழுத்ததிகார நச்சினார்க்கினியம் 1937 இல் ஈழகேசரி நா. பொன்னையா அவர்களாற் சுன்னாகத்திலே பதிப்பிக்கப்பட்டது.

இனி, ஒன்று எண்ணிப் பார்த்தல் தகும். அகரத்துக்கு உரிய விதியை விரித்துக் கூறாது, அகரமும் ஓகாரத்தின் இயல்பிற்று என்று ஆசிரியர் சூத்திரஞ் செய்திருப்பின் என்னாகும்? ஐந்து சூத்திரங்களுள் யாதொன்றும் பொய்யாகாது. ஐந்து ஈறுகளும் ஒரேவகையாகப் புணர்வன என்பது அப்போதும் மெய்யே. எனினும் அப்புணர்ச்சி எவ்வகைத்து என்பதை எச்சூத்திரமும் சொல்லாது. மாணாக்கன் ஓகாரத்திற் புறப்பட்டு, ஓகாரத்துக்கே வந்து, மீண்டும் புறப்படுவான். குற்றம் ஒரு சூத்திரத்தினுள் இல்லை. சூத்திரங்களுக்கு இடையே உள்ளது. இதனாலேயே இக்குற்றம் காண்டற்கு அரிதாகின்றது. சூத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து எத்துணை நுணுகி ஆராயினும் அது கண்ணிற் படாது. தொல்காப்பியர் சுட்டிய மேற்கண்ட நான்கு மாட்டேறும் நெடுங்கணக்கில் முன்னின்ற எழுத்தையே நோக்குவன; பின்னின்றதை நோக்குவது ஒன்றேனும் இல்லை. பின்னோக்கியே செல்வான் என்றாயினும் முதலெழுத்தை அடைந்தே தீர்வான் ஆகலின், இத்தொடரிற் சுழல் பிறத்தற்கு இடமில்லை.

நூற்குற்றம் பத்து எனக் கூறிய நன்னூலார் இக்குற்றத்துக்குத் தனிப்பெயர் தரவில்லை. கூறியது கூறலும் அன்று. மாறுகொளக் கூறலும் அன்று. பெயர் தந்தவர் தருக்க நூலார். அவர் இதனை நான்கு வகையாகப் பகுத்தனர். ஒரு பொருள் தன்னைக் கொண்டே தன்னை நிறுவ முயல்வது ஆன்மாச்சிரயம். இரண்டு ஒன்றையொன்று பற்றி நிற்பது அன்னியோன்னியாச்சிரயம். மூன்றும் அதற்கு மேற்பட்டனவும் வட்டமாகச் சுற்றி வருவது சக்கரகம். ஒன்றுக்கு ஒன்று, அதற்கு ஒன்று என எல்லையின்றி நீண்டுகொண்டே போவது அநவத்தை. சிவஞான முனிவர் முதலாயினோர் பிறர் மதத்தை மறுக்குமிடத்து இப்பெயர்களை வாளாக எடுத்து வீசுதலைச் சித்தாந்த நூல் பயின்றோர் அறிவர்.

வடமொழிப் பெயர்களாகலின் இவை எங்கோ தொலைவில் உள்ளன என்று எண்ணற்க. நம்மவர் காணி உறுதிகளை எடுத்து வாசித்தால் அன்னியோன்னியாச்சிரயம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது புலனாகும். இன்ன பெயருடைய காணி, இத்துணைப் பரப்பு. கிழக்கெல்லை இன்னார் காணி, வடக்கெல்லை ஒழுங்கை என்று எழுதப்பட்டிருக்கும். கிழக்கேயுள்ள அக்காணியின் உறுதியை வாங்கிப் பார்த்தால், அதன் மேற்கெல்லை முன்னவருடைய காணி என்று இருக்கும். இருவரும் உண்மையே எழுதினர். ஆயினும் வேலி சாய்ந்து, கதியாலும் பட்டுப்போன பின்பு, இரண்டு உறுதிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவனுக்கு எல்லைக்கோடு எதுவென்று தெரியாது. நில அளவையாளர் ஒருவர் வந்து, இவ்விரண்டையும் சாராத ஓர் எல்லைக்கல்லினின்று சங்கிலி பிடித்தாலன்றி வழக்குத் தீராது. வட்டத்தை உடைப்பது வட்டத்துக்குப் புறத்தே நிற்பதொன்று என்பதனை இங்கே குறித்துக்கொள்க.

சுற்று எல்லாமே குற்றமாகா என்பதும் தருக்க நூலார் கண்டதே. வித்தின்றி மரமில்லை, மரமின்றி வித்தில்லை. ஆயினும் இவ்வித்து வேறு, இவ்வித்தைத் தந்த மரத்துக்கு வித்தாயது வேறு. வினையின்றி உடம்பில்லை, உடம்பின்றி வினையில்லை என்ற விடத்துச் சித்தாந்திகள் இவ்வுவமையையே காட்டி, இத்தொடர் அநாதி என்பர். ஒவ்வொரு சுற்றிலும் முன்னைச் சுற்றினின்று வேறாகிய ஒன்று பிறக்குமாயின் அது தொடர்ச்சி. பழையதே பழையபடி திரும்பி வருமாயின் அது சுழல். இவ்வேறுபாடு பின்னர் வேண்டப்படும்.

இலக்கணத்துள் இக்குற்றத்தை முதன்முதல் நேர்நின்று ஆராய்ந்தவர் பாணினியின் வழிவந்தோர். பாணினி தமது நூலின் தலைப்பிற் பதினான்கு சிறு சூத்திரங்களால் ஒலிகளை நிரல்பட வைத்தார். ஒவ்வொரு சூத்திரத்தின் இறுதியிலும் ஒரு மெய்யை அடையாளமாக நிறுத்தினார். தொடக்க எழுத்தையும் இறுதி அடையாளத்தையும் சேர்த்துச் சொன்னால் இடைநின்ற ஒலிகள் யாவும் அடங்கும். அச் என்றால் உயிர்கள். ஹல் என்றால் மெய்கள். இவ்வடையாள எழுத்துக்கு இத் என்று பெயர். எது இத் என்று அறிந்தாலன்றி ஹல் என்னும் குறியைப் பொருள் கொள்ள இயலாது. அவ்வித் எது என்பதை அறிவிக்கும் சூத்திரமோ, இறுதியில் நிற்கும் மெய்யே இத் ஆம் என்று கூறுகின்றது. அச்சூத்திரத்தில் மெய் என்பதற்குப் பாணினி ஆண்ட சொல் ஹல். ஆகவே இத் தெரிய ஹல் தெரிதல் வேண்டும். ஹல் தெரிய இத் தெரிதல் வேண்டும். உலகம் போற்றும் நூலின் வாயிலிலேயே அன்னியோன்னியாச்சிரயம் குந்தியிருக்கின்றது.

காத்தியாயனரும், கி.மு. இரண்டாம் நூற்றாண்டினர் எனப்படும் பதஞ்சலியும் இதனை மறைத்துப் பூசவில்லை. எடுத்து வெளியில் வைத்தே ஆராய்ந்தனர். அவர் காட்டிய பரிகாரங்களுள் ஒன்று மிக அழகியது. அச்சூத்திரத்தை இருமுறை ஓதியதாகக் கொள்க என்பதே அது. முதன்முறை ஓதுங்கால், ஹல் என்னும் பதினான்காஞ் சூத்திரத்தின் இறுதியில் நின்ற லகர ஒற்று ஒன்றுமட்டும் இத் ஆகும் எனப் பொருள் கொள்க. அவ்வொன்று கிடைத்தமையால் ஹல் என்னும் குறி பொருள்பெறும். இரண்டாம் முறை ஓதுங்கால், மெய்யீறுகள் யாவும் இத் ஆம் என்னும் பொதுவிதி தடையின்றிச் செல்லும். பதினேழாம் நூற்றாண்டிற் பட்டோஜி தீட்சிதர் சித்தாந்த கௌமுதியை இயற்றியபோது, தொடக்கத்திலேயே அச்சூத்திரத்தை இரண்டிடத்து எழுதி, இரண்டு பொருளும் தனித்தனி உரைத்தார். ஓர் எழுத்தைப் புறத்திருந்து ஊன்றிக்கொள்ள, அதனின்று நூல் முழுவதும் எழுந்து நின்றது. காணியின் எல்லைக்கல் போன்றதே அந்த லகர ஒற்று.

மற்றொரு வகைச் சுழல் இதனினும் நுட்பமானது. ஆண்டு விதியின் பொருளில் ஐயமில்லை. விதி நிற்கமாட்டாமையே இடர். தயிர் எனப் பொருள்படும் ததி என்பது, இங்கே எனப் பொருள்படும் அத்ர என்பதனோடு புணருங்கால் இகரம் யகர ஒற்றாகத் திரியும். இப்போது யகரத்துக்கு முன்னின்ற மெய் ஓர் உயிரின் பின்னும், உயிரல்லாத ஒன்றின் முன்னும் நிற்கின்றது. அத்தகைய மெய் இரட்டிக்கலாம் என்பது பாணினியின் விதி. இரட்டிய பின்பு நோக்குக: இரண்டனுள் முதலாவது இன்னும் உயிரின் பின்னேதான் நிற்கின்றது, அதன்முன் வருவது இன்னும் மெய்யே. விதி வேண்டும் நிபந்தனை சிறிதும் குலையவில்லை. எனவே மீண்டும் இரட்டலாம், அதன்பின்னும் இரட்டலாம். முடிவில்லை.

நம் தமிழில் இதனோடு ஒப்பவைத்து எண்ணற்குரிய விதி ஒன்றுண்டு. தனிக்குறிலைச் சார்ந்த ஒற்று உயிர்வரின் இரட்டும் என்பதனைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். கல் என்பதும் எறிந்தான் என்பதும் கல்லெறிந்தான் என்றாயின. இரட்டிய பின்பு முதல் லகரத்தின் பின் உயிரில்லை. இரண்டாம் லகரத்தின் முன் குறிலில்லை. விதி ஒருமுறை சென்றதும் தன் நிபந்தனையைத் தானே அழித்துவிட்டது. ஆதலால் நில் என்று எவரும் ஆணையிட வேண்டியதில்லை. பாணினியின் இரட்டல் விதிக்கு இவ்வியல்பு இல்லை. அதனால் வடமொழி இலக்கணிகள், ஓரிடத்து ஒரு விதி ஒருமுறையே செல்லும் என்று பரிபாடை ஒன்றை வகுத்து அதனை நிறுத்தினர். நாகேச பட்டர் முதலானோர் தொகுத்து விளக்கிய பரிபாடைகளுள் இஃது ஒன்று. அன்றியும், பாணினி தாமே தமது நூலின் இறுதி முக்காலத்தியாயத்துக்கு ஒரு தடுப்பு இட்டிருக்கின்றார். அப்பகுதி விதிகளால் நிகழ்ந்த மாற்றம், அவற்றுக்கு முற்பட்ட விதிகளைப் பொறுத்தவரை நிகழாததாகவே கருதப்படும். இதற்கு அசித்தம் என்று பெயர். பின்னது செய்ததை முன்னது காணாதெனின், கண்டு மீண்டும் எழுதற்கு வழியில்லை. மேற்படி ஆற்றில் விழுந்தது கீழ்ப்படியிற் காணப்படும். கீழ்ப்படியில் விழுந்தது மேலே ஏறாது.

இத்துணையும் பழங்கதை. இதனை இப்பொழுது எடுத்தது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதே சுழல் முற்றிலும் வேறாகிய ஓரிடத்திலே தலைகாட்டியமையால். அவ்விடம் கணினியின் தரவுத்தளம்.

1970 இல் எட்கார் கொட் என்பார், தரவுகள் யாவற்றையும் நிரலும் நிரையுமாகிய அட்டவணைகளில் வைத்து ஆளலாம் என்னுங் கொள்கையை வெளியிட்டார். அதனைப் பின்பற்றி அமெரிக்காவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 1970களில் இங்கிறஸ் என்னும் மென்பொருள் எழுந்தது. அதன் தலைவருள் ஒருவராகிய மைக்கேல் ஸ்ரோன்பிறேக்கர் 1986 இல் போஸ்ற்கிறஸ் என்னும் புதிய தரவுத்தளத்தின் அமைப்பை வெளியிட்டார். 1996 இற் பெயர் சிறிது நீட்டப்பெற்று இன்றுவரை உலகெங்கும் வழங்கிவருவது அதுவே. அட்டவணையிற் பதிதல் மட்டுமன்றி, இன்னது நேரின் இன்னது செய்க என்னும் விதிகளையும் தரவுத்தளத்தின் உள்ளேயே எழுதிவைக்கலாம் என்பது அதன் சிறப்புக்களுள் ஒன்று. அதிலே காட்சியட்டவணை என ஒன்றுண்டு. அதற்கெனத் தரவு இல்லை. அதனை எவரேனும் கேட்டால், அக்கேள்வியை வேறோர் அட்டவணைமேல் மாற்றி எழுதிக்கொள்க என்னும் விதி ஒன்றே அதன் உடம்பு. ஓகாரத்தைக் கேட்டவனை ஏகாரத்துக்கு அனுப்பும் மாட்டேற்றை இஃது ஒத்திருத்தல் காண்க. முதற் காட்சி இரண்டாவதைச் சுட்ட, இரண்டாவது பின்னொருநாள் முதலாவதையே சுட்டுமாறு மாற்றப்படின், கேள்வி மாறி மாறி எழுதப்படுமேயன்றித் தரவிருக்கும் ஓரட்டவணையை என்றும் அடையாது.

நிபந்தனை இட்டுவிட்டால் சுழல் நின்றுவிடும் என்று எண்ணி ஏமாந்தோர் பலர். பாடசாலைப் புள்ளியேடு ஒன்றைக் கொள்வோம். ஒரு மாணாக்கனின் பாடப்புள்ளி பதியப்படின், அவனது மொத்தப் புள்ளியையும் ஒரு வரியாக அவ்வேட்டிலேயே பதிக. பதியப்படுவது மொத்தவரியாயின் யாதுஞ் செய்யற்க. இது விதி. எழுதுவினைஞர் ஒருவரிடம் இதனைக் கூறினால் ஒருமுறை மொத்தம் எழுதி நிறுத்திவிடுவார். தூண்டுவிதி என்னும் வகையாக இதனைத் தரவுத்தளத்தில் எழுதினும் நின்றுவிடும். ஏனெனில் தூண்டுவிதி ஒவ்வொரு வரியும் பதியப்படுங்கால் எழுந்து, அவ்வரியைக் கண்ணால் நோக்கி, மொத்தவரி என்று கண்டதும் அடங்குவது. கல்லெறிந்தான் என்பதன் லகரம் போல. ஆனால் போஸ்ற்கிறஸின் மாற்றெழுது விதியாக எழுதினால் நிற்காது. அவ்விதி வரிகளை நோக்குவதன்று. கட்டளையின் வாசகத்தை நோக்குவது. பதிக என்னும் கட்டளையைக் கண்டதும், நிபந்தனையையும் வாசகத்தோடு சேர்த்து, இன்னொரு 'பதிக' எழுதும். எழுதிய அதுவும் அவ்வேட்டின்மேற் செல்லும் 'பதிக' ஆகலின், அதற்கும் விதி எழும். ஒரு மாணாக்கனின் புள்ளியேனும் இன்னும் பதியப்படவில்லை. நிபந்தனை மெய்யா பொய்யா எனப் பார்க்கும் வேளை இன்னும் வரவில்லை. அதற்கு முன்பே வாசகம் வளர்ந்துகொண்டே போகின்றது. நிபந்தனை இருக்கின்றதா என்பது மட்டுமன்று, அது எந்நேரத்தில் நோக்கப்படுகின்றது என்பதும் வினா.

இதற்கு மென்பொருள் வல்லார் கண்ட பரிகாரங்கள் பல. எளியது எண்ணி நிறுத்துதல். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் தரவுத்தளம் ஒரு தூண்டுவிதி மற்றொன்றைத் தூண்ட 32 படி வரை பொறுத்து, அதற்குமேற் சென்றால் செய்தவை யாவற்றையும் கைவிடும். ஒறக்கிள் என்பதில் இவ்வகை மீள்நுழைவுக்கு 50 எல்லை. எஸ்கியூலைற் என்னும் சிறுதரவுத்தளம் இயல்பாக 1000 வரை விடும். இவ்வெண்களுக்கு யாதொரு தத்துவமும் இல்லை. 32 இற் சுழல் பிறக்கின்றது என்பதற்கும் 31 இற் பிறவாது என்பதற்கும் எவ்வேதுவும் கிடையாது. விடியும்வரை அழைத்தும் திறவாத வீட்டுக்கதவை எத்தனைமுறை தட்டுவது என்பது போன்றதொரு வழக்கம் அவ்வளவே. போஸ்ற்கிறஸின் பழைய பதிப்புக்களும் எண்ணியே கைவிட்டன. பின்வந்தவை மேலான வழியைக் கொண்டன. எவ்வெவ்வட்டவணையின் விதி இப்போது விரிந்துகொண்டிருக்கின்றது என்பதைக் குறித்துக்கொண்டே இறங்கி, ஒருமுறை குறித்த பெயர் மீண்டும் எதிர்ப்படின், இவ்வட்டவணையின் விதிகளில் முடிவிலா மீட்சி உண்டு என்று பெயர் சொல்லி அறிவித்து நின்றுவிடும். ஓரிடத்து ஒரு விதி ஒருமுறையே என்னும் பரிபாடைக்கு இது நெருங்கிய உறவு. ஆயின் இலக்கணி இரண்டாம் முறையைத் தள்ளிவிட்டுச் சொல்லை ஏற்றுக்கொண்டார். தரவுத்தளமோ கேள்வியையே தள்ளிவிடுகின்றது. மையெஸ்கியூஎல் என்பதும் ஒறக்கிளும், எவ்வட்டவணை மாறிக்கொண்டிருக்கின்றதோ அதனை அம்மாற்றத்தால் எழுந்த தூண்டுவிதி தொடுதலைப் பெரும்பாலும் மறுக்கின்றன.

சுழல் பிறந்தபின் பிடித்தலினும், பிறக்குமா என முன்னரே அறிதல் நன்றன்றோ எனின், ஆம். 1992 இல் அலெக்சாண்டர் எய்க்கன், ஜெனிபர் விடொம், ஜோசப் ஹெலர்ஸ்ரைன் ஆகிய மூவரும் அதற்கொரு முறையை வெளியிட்டனர். ஒவ்வொரு விதியையும் ஒரு புள்ளியாக இடுக. ஒரு விதி மற்றொன்றை எழுப்பக்கூடுமாயின் அம்பொன்று இழுக்க. அம்புகள் வழியே சென்று புறப்பட்ட புள்ளிக்கு மீளும் வட்டம் ஒன்றேனும் இல்லையாயின் விதிகள் என்றும் நிற்கும் என்பது உறுதி. உயிர்மயங்கியலின் அம்புகளை இழுத்துப் பார்த்தால் யாவும் அகரத்தை நோக்கி ஓடுதல் தெரியும். அதே காலப்பகுதியில், விதிகளைப் படிநிலைகளாக வகுத்து, மேற்படியின் முடிபைக் கீழ்ப்படி நோக்கலாகாது என விலக்கும் முறையும் தரவுத்தள அறிஞரிடை வழங்கலாயிற்று. அசித்தத்தின் நிழலை அதிற் காணலாம்.

வட்டம் இருப்பின் என் செய்வது? வட்டம் இருந்தும் நிற்கும் விதிகள் உண்டு; வித்தும் மரமும் போல ஒவ்வொரு சுற்றிலும் ஏதேனும் குறைந்தோ முடிந்தோ போகும் வட்டங்கள் அவை. எது நிற்கும், எது நில்லாது என்பதை எல்லா நேர்விலும் பிரித்தறிய வல்ல பொதுமுறை ஒன்றுண்டா என்பதற்கு 1936 இல் அலன் ரியூறிங் விடை இறுத்தார். கணிக்கும் பொறி ஒன்று நிற்குமா நில்லாதா என்று எந்நேர்விலும் தவறாது சொல்லத்தக்க பொறி இருத்தல் இயலாது என அவர் காட்டிய வழியும் ஒரு சுழலே. அத்தகைய பொறி உண்டென்று கொண்டு, அதனை அதன்மேலேயே ஏவி, நிற்குமெனின் நில்லாமையும் நில்லாதெனின் நிற்றலும் விளைவித்தார். ஆன்மாச்சிரயத்தைக் குற்றமாகவன்றிக் கருவியாக எடுத்தாண்ட இடம் அது.

ஈண்டு ஒரு வார்த்தை. 1967 இல் பீற்றர் இங்கர்மன் என்பார், கணினி மொழிகளின் இலக்கணத்தை எழுதும் குறிமுறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்த்தல் தகும் எனச் சிறுகடிதம் ஒன்றை எழுதினார். நேரியதோர் ஒப்புமை. 1985 இல் ரிக் பிரிக்ஸ் என்பவர் வடமொழிச் சாத்திரநடையையும் செயற்கை அறிவையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வரைந்தார். அதன்பின் மேடைதோறும், கணினிக்கு உகந்த மொழி வடமொழியே என்று அமெரிக்க விண்வெளியாளர் தீர்த்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. இன்று தமிழைப் பற்றியும் அவ்வாறே பேசுவாருளர். பாணினியாரும் தொல்காப்பியரும் தரவுத்தளம் கண்டவரல்லர். காணவேண்டிய தேவையும் அவர்க்கில்லை. பேர்க்கிலியார் பதஞ்சலியைப் படித்துவிட்டு மென்பொருள் எழுதினார் என்பதும் இல்லை. பல விதிகளை ஒருங்கு அடுக்குவார் எவராயினும் ஒரே குழியில் விழுவர் என்பதும், ஏறுதற்குரிய படிகள் சிலவே என்பதுமே ஒப்புமைக்குக் காரணம். வேற்றுமையோ பெரிது. இலக்கணம் கற்பான் மனிதன். ததி என்பதன் மெய்யை நூறுமுறை இரட்டிச் சொல்ல அவனுக்கு மூச்சுப் போதாது. ஆகவே அங்கே சுழல் நூலின் மானத்தைப் பற்றியது. பொறிக்கு மூச்சு இல்லை. அங்கே அது நினைவகத்தை நிரப்பும். பிறர் கேட்கும் கேள்விகளுக்கு விடைவராது தடுக்கும்.

சுழல் மனிதரையும் வருத்துதல் உண்டு. அலுவலக விதிகளாய் வரும்பொழுது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தவருள்ளும், 2009 இல் வன்னியினின்று வெளிவந்தவருள்ளும் கையில் ஒரு கடதாசியேனும் இல்லாதோர் பலர். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தின்வழி வழங்கப்படும் தேசிய அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். பிறப்பு எங்கும் பதியப்படாதவனோ, பதிந்த இலக்கமும் இடமும் அறியாதவனோ அதனைத் தேடிச் சென்றால், நீ இன்னார் என்று காட்டுக என்பர். காட்டுதற்குரியது அவ்வட்டையே. எழுதப்பட்ட விதிகளை ஒவ்வொன்றாக எடுத்தால் நியாயம் இல்லாதது ஒன்றில்லை. ஆளறியாது சான்று கொடுத்தல் எவ்வாறு? சான்றின்றி அட்டை கொடுத்தல் எவ்வாறு? இவ்விரண்டனுக்கும் இடையே ஒரு கிழவி வாங்கில் அமர்ந்திருக்கின்றாள். அவளுக்கு முப்பத்திரண்டாம் படியில் எவரும் அறிவிப்பதுமில்லை.

இவ்வட்டத்துக்கும் புறத்தே ஒரு கல் நாட்டப்பட்டுள்ளது. பிறப்புப் பதிவு இல்லாதார்க்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடே அது. தேடியும் பதிவு இல்லை என்பது உறுதியான பின், கிடைக்கும் பிற சான்றுகளைக் கொண்டு வயது இவ்வளவு எனத் துணியப்படும். கிழவி தாயின் வாய்மொழியாற் கேட்டது, தான் பிறந்த ஆண்டிலே பெரும் புயல் அடித்தது என்பதாக இருக்கலாம். அல்லது இன்ன கோயிலின் கும்பாபிடேகத்துக்கு முன் என்பதாக இருக்கலாம். ஆயினும் சான்றிதழில் அஃது ஒரு திகதியாகவே விழும். ஹல் என்பதன் இறுதி லகரம் போல அத்திகதி பிற எதனையும் சாராது நிற்கும். அதன்பின் அடையாள அட்டையும், வங்கிக் கணக்கும், முதியோர் கொடுப்பனவுப் பதிவும் அத்திகதியைப் பற்றியே எழுதப்படுகின்றன.